கயாக் கவிழ்ந்தால் உயிர் பிழைப்பது எப்படி? பினாங்குக் கடலில் தூண்டில் போடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் கயாக்கில் போய்த் தூண்டில் போடுபவர்களில் பலர், கவிழ்ந்த கயாக்கில் நீரிலிருந்து மீண்டும் ஏறிப் பார்த்ததே இல்லை. தூண்டில், ரீல், மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி என்று ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவு செய்திருப்பார்கள். தெலுக் கும்பார் கரையோரம் கயாக்கைத் தாமே கவிழ்த்து ஏறிப் பழக ஒரு காலைப் பொழுதை மட்டும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. கடலில் கவிழும்போது கைகொடுப்பவை இரண்டுதான்: உடம்போடு கட்டியிருக்கும் பொருள்கள், உடம்பு முன்பே பழகியிருக்கும் அசைவுகள். மேல்தளத்தில் வைத்தது, பின்னால் உள்ள பெட்டியில் போட்டது எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மேலே திறந்தபடி உட்காரும் வகைக் கயாக்குக்கானது. மீன்பிடிக்க விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த வகைதான். கால்களை உள்ளே நுழைத்து உட்காரும் வகை கவிழ்ந்தால் உள்ளே நீர் நிரம்பிவிடும். அதற்கான பயிற்சி வேறு.

கயாக் ஏன் கவிழ்கிறது

பெரிய அலை வந்தால்தான் கவிழும் என்று எண்ண வேண்டாம். கண்ணாடி போன்ற நீரிலும் கவிழும். உங்கள் தலை கயாக்கின் விளிம்பைத் தாண்டி வெளியே போனால், உடம்பு அதன் பின்னாலேயே போகும். பின்பெட்டியில் இருக்கும் தூண்டில் முள்ளை எடுக்கத் திரும்புவது, மீனைத் தூக்கப் பக்கவாட்டில் குனிவது, விழுந்த துடுப்பை எட்டிப் பிடிப்பது: மூன்றிலும் நடப்பது ஒன்றே. பின்னால் உள்ள பொருள் தேவையென்றால் இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டுத் திரும்பி உட்கார்ந்து எடுங்கள். அல்லது தேவையானதை முன்னால் வையுங்கள். மீனை வலையில் எடுக்கும்போது எதிர்ப்பக்கக் காலை நீரில் தொங்கவிட்டால் எடை சமமாகும்.

பெரிய திருக்கை மாட்டினால் அது அடித்தரையில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். ரீலின் பிடியைத் தளர்த்துங்கள், கயாக்கின் மூக்கை மீனை நோக்கித் திருப்புங்கள். முன்னால் இழுபட்டால் கயாக் நகரும். பக்கவாட்டில் இழுபட்டால் கவிழும். பக்கத்தில் கொண்டுவந்த பிறகும் திருக்கையையோ முள் உள்ள கெளிற்றையோ மடியில் போடாதீர்கள். வால் முள்ளுக்குப் பயந்து துள்ளி எழுவதே கவிழப் போதும். தூண்டில் நரம்பை அறுத்துவிடுவது நஷ்டமல்ல.

நங்கூரம் இன்னும் ஆபத்தானது. நங்கூரக் கயிற்றை ஒருபோதும் நடுப்பக்கத்தில் கட்டக் கூடாது. நீரோட்டம் இருக்கும் இடத்தில் பக்கத்தில் கட்டிய கயிறு அந்த விளிம்பை நீருக்குள் இழுத்துவிடும். முன்முனை அல்லது பின்முனையில் மட்டும் கட்டுங்கள். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கியும், கயிற்றின் நுனியில் ஒரு மிதவையும் இருக்கட்டும். கழற்றி விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள கால்வாயில், ஓட்டம் வேகமாக இருக்கும்போது, நங்கூரம் போடவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது, உள்ளே புகுந்த நீர். கருவிகளைப் பொருத்தத் துளையிட்ட திருகுகள், சரியாக மூடாத மூடிகள், அடியில் தேய்ந்து விழுந்த வெடிப்பு, மறந்துபோன வடிகால் அடைப்பான் வழியாக நீர் உள்ளறைக்குள் சேரும். கயாக் சற்றுச் சாய்ந்தாலே உள்ளே இருக்கும் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இரட்டிப்பாக்கும். கயாக் திடீரென்று மந்தமாகத் திரும்புகிறது, ஆடுகிறது என்று தோன்றினால் மூடியைத் திறந்து பாருங்கள். கைப்பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். உள்ளறையில் நீச்சல்குளக் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் நுரைக் குழாய்களைத் திணித்து வைத்தால், நீர் புகுந்தாலும் கயாக் மூழ்காமல் மிதக்கும். இதற்காகும் செலவு மிகக் குறைவு.

கடலைப் படித்த பிறகே கரையை விடுங்கள்

பினாங்கின் கடலில் அதிகம் அஞ்ச வேண்டியது மேற்கிலிருந்து வரும் சுமாத்திரா புயற்காற்றை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், இரவில் சுமாத்திராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள் வரிசையாக நகர்ந்து விடியற்காலையிலோ காலையிலோ இங்கே வந்து சேரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று சுழன்றடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நாம் கயாக்கைக் கடலில் இறக்கும் அதே வேளை அதுதான். அடிவானத்தில் மேற்கே கருப்புப் பட்டை போல மேகம் தெரிந்து, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், தூண்டிலைச் சுருட்டி உடனே கரைக்குத் திரும்புங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் திரும்புங்கள்.

முந்தின இரவும் விடியற்காலையும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் இடிமழை எச்சரிக்கை, பலத்த காற்று மற்றும் கொந்தளிப்பான கடல் எச்சரிக்கை இரண்டையும் பாருங்கள். ரேடார் படத்தில் நீரிணையின் மேல் மஞ்சள், சிவப்புப் பட்டை நகர்ந்து வருகிறதா என்று பார்த்தால் போதும். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் காற்று சொல்லியிருந்தால் நான் கரையிலிருந்தே தூண்டில் போடுவேன். அந்த வேகத்தில் கடலெங்கும் வெண்ணுரை தலைகாட்டத் தொடங்கும். அதில் கவிழ்ந்தால் மீண்டும் ஏறுவது இரட்டிப்புக் கடினம்.

விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் போன்ற வடகரையில் அப்போது கவிழ்ந்தால், காற்று உங்களைத் தீவை விட்டு அகற்றிக் கொண்டுபோகும். பிற்பகலில் கடற்காற்று திரும்பும். முக்கா ஹெட் முனையைச் சுற்றினால், 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தக் குன்றின் மறைவு விலகியதும், மேற்குக் கடலின் அலை முழுவதையும் எதிர்கொள்வீர்கள். புதியவர்கள் அந்த முனையைத் தாண்ட வேண்டாம்.

நீர் ஏற்றமும் வற்றமும் இங்கே நாளுக்கு இரண்டு முறை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுவாகவும், அஷ்டமி ஒட்டிய நாட்களில் தணிந்தும் இருக்கும். ஏறும் ஆறு மணி நேரத்தில் மூன்றாவது, நான்காவது மணிகளில்தான் நீர் மிக வேகமாக ஓடும்; தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள கால்வாயில், ஜெரெஜாக் தீவைச் சுற்றியும் பாலங்களின் தூண்களிடையேயும் இதைக் கணக்கிடாமல் போகக் கூடாது. ஓட்டம் 2 நாட் என்றால் மணிக்கு 3.7 கிலோமீட்டர். மீன்பிடிக் கயாக்கை நாம் நீண்ட நேரம் தள்ளக்கூடிய வேகத்துக்கு அது ஏறக்குறைய சமம். எதிர்த்துத் தள்ளினால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். துடுப்பு போடப் போடப் பாலத்தின் தூண் அருகில் வராவிட்டால், ஓட்டத்துக்குக் குறுக்காகக் கரையை நோக்கி விலகுங்கள்.

பட்டர்வொர்த் கப்பல் துறை, பெர்ரி பாதை இரண்டிலும் கயாக்குக்கு வேலையே இல்லை. நீர்மட்டத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் கயாக் பெரிய கப்பலின் ரேடாரில் தெரியும் என்று நம்பாதீர்கள். தென்கரையில் 2023 முதல் கடலில் மண் நிரப்பும் பணி நடப்பதால் இழுவைப் படகுகளும் பார்ஜுகளும் நடமாடுகின்றன. பழைய மீன்பிடி இடங்களுக்குப் பழைய வழியிலேயே போகலாம் என்று எண்ண வேண்டாம். இழுவைப் படகுக்கும் பார்ஜுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கம்பி வடம் ஓடும். அந்த இடைவெளியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

கரையில் ஒருவருக்கு எழுதி அனுப்ப வேண்டியவை: எங்கே இறங்குகிறேன், எந்தப் பகுதியில் மீன்பிடிக்கிறேன், கயாக்கின் நிறம், காரின் எண், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் 999க்குச் சொல்ல வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். "வந்துவிடுவார்" என்று வீட்டில் காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் வெளிச்சம் போய்விடும்.

உடம்பில் இருக்க வேண்டியவை

"வேர்க்கிறது அண்ணே, பின்னால் கட்டி வைத்திருக்கிறேன், தேவையென்றால் போட்டுக்கொள்கிறேன்" என்று லைஃப் ஜாக்கெட்டைப் பற்றித் தம்பிமார் சொல்வதுண்டு. நீரில் விழுந்த பிறகு அலையில் அதை மாட்டிக்கொள்ள முயன்று பாருங்கள், தம்பி. அதற்குப் பிறகு கழற்றவே மாட்டீர்கள்.

நுரை வைத்துத் தைத்த, குறைந்தது 50 நியூட்டன் மிதப்புள்ள சட்டையைத் தேர்ந்தெடுங்கள். முதுகுப் பக்க நுரை மேலே ஏறியிருக்கும் வகை, இருக்கையின் சாய்மானத்தில் இடிக்காது. எல்லா வாரையும் இறுக்கியபின் நண்பர் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். மோவாய்க்கு மேல் ஏறினால் அளவு தவறு. காற்றடைத்து விரியும் வகை மெல்லியது, வேர்க்காது. ஆனால் விரிந்தபின் நெஞ்சில் பந்து போல் நிற்பதால் கயாக்கில் ஏறுவதைத் தடுக்கும். தனியாகப் போகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. நீலமும் பச்சையும் கடலில் காணாமல் போய்விடும்.

சட்டையின் பைகளில்: விசில், நரம்பையும் கயிற்றையும் அறுக்கும் மொட்டைமுனைக் கத்தி அல்லது கத்தரி, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, நீர் புகாத சிறு விளக்கு, நீர் புகாத உறையில் கைப்பேசி. கைப்பேசியைச் சட்டையோடு கட்டுங்கள், கயாக்கோடு அல்ல. உப்புநீர் பட்ட உறைக்குள் திரை விரலுக்குக் கட்டுப்படாது. ஆகவே பக்கவாட்டுப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தி அவசர அழைப்பு விடும் வசதியை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். கரையை விட்டு அதிக தூரம் போகிறவர்கள் கையடக்கக் கடல் வானொலி ஒன்றை உரிம விதிகளைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். அதன் 16ஆம் அலைவரிசையில் அழைத்தால் அருகிலுள்ள படகுகளுக்கும் கேட்கும். கைப்பேசியால் அது முடியாது.

உடல் முழுவதும் மூடும் நீச்சல் உடை அணியுங்கள். வெயிலுக்கு மட்டுமல்ல: பினாங்கைச் சுற்றி நச்சுள்ள பெட்டி ஜெல்லிமீன்கள் உண்டு. மெல்லிய துணிகூடப் பாதுகாப்புத் தரும். கொட்டினால் தேய்க்கவோ நன்னீர் ஊற்றவோ கூடாது. குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு போத்தல் வினிகர் கயாக்கில் இருக்கட்டும்.

கரையோரப் பயிற்சி

காற்றில்லாத காலை, கால் எட்டாத அளவு ஆழம், பக்கத்தில் ஒரு துணை. முதலில் வெறும் கயாக்கோடு. பழகியபின் தூண்டில், பெட்டி எல்லாம் கட்டிய நிலையில். இரண்டாவது பயிற்சியில்தான் எந்தக் கம்பி நெஞ்சைக் குத்துகிறது, எந்தப் பெட்டி வழியை மறிக்கிறது என்று தெரியவரும். அவற்றை இடம் மாற்றுங்கள். ஏறும் பக்கத்தில் எந்தக் கருவியும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கவிழ்ந்தவுடன் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு மேலே வாருங்கள்; கயாக்கோ தூண்டிலோ தலையில் இடிக்கலாம். மறு கையால் கயாக்கைப் பற்றுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் இருங்கள். மறுபக்கம் நின்றால் அலை கயாக்கை உங்கள் முகத்தில் தள்ளும்.

நிமிர்த்துவதற்கு, அடிப்புறத்தின் குறுக்கே கையை நீட்டி எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். மீன்பிடிக் கயாக்குகள் அகலமானவை, கை எட்டாது. இதற்காக இரு பக்கக் கைப்பிடிகளிலும் சுமார் ஒரு மீட்டர் நீள நாடாவை முன்பே கட்டி வையுங்கள். எதிர்ப்பக்க நாடாவை அடிப்புறத்தின் மேலாக உங்கள் பக்கம் எறிந்து, முழங்கால்களை அருகு விளிம்பில் ஊன்றி, நாடாவைப் பிடித்தபடி முழு எடையோடு பின்னால் சாயுங்கள். கயாக் உங்களை நோக்கி உருண்டு நிமிரும். விளிம்பு வரும்போது தலையை விலக்குங்கள்.

இனி ஏறுவது. பலரும் தோற்பது இங்கேதான், காரணமும் ஒன்றே: சுவர் ஏறுவது போல் கால்களைக் கீழே தொங்கவிட்டு மேலே எம்புகிறார்கள். கயாக் அவர்கள் பக்கமே மறுபடி சாய்கிறது. முதலில் கால்களைப் பின்னால் நீட்டி நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இருக்கைக்கு நேராக, ஒரு கை அருகு விளிம்பிலும் மறு கை எதிர்ப்பக்கக் கைப்பிடியிலும் இருக்கட்டும். வேகமாகக் காலடித்துக்கொண்டே கயாக்கை உங்கள் நெஞ்சுக்கு அடியில் இழுத்துக் கீழே அமுக்குங்கள். வயிறு இருக்கையின் குறுக்கே படுக்க வேண்டும். தலை எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவசரப்படாமல் அப்படியே இரண்டு மூச்சு விடுங்கள். பிறகு உடம்பைப் புரட்டி இடுப்பை இருக்கையில் அமர்த்துங்கள். இரு கால்களும் இரு பக்கம் நீரில் தொங்கட்டும், அது கயாக்கை நிலைப்படுத்தும். கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, இடுப்பு, கால்: இந்த வரிசையை உடம்பு மறக்காத வரை செய்யுங்கள்.

கை வலு போதாதவர்களுக்கு ஒரு கயிற்று வளையம் உதவும். எதிர்ப்பக்கக் கைப்பிடியில் கட்டி, கயாக்கின் அடியாகக் கொண்டுவந்து உங்கள் பக்கம் காலுக்கு எட்டுமாறு தொங்கவிட வேண்டும். அதில் கால் வைத்து மிதித்தால் எதிர்ப்பக்க விளிம்பு கீழே இழுபடும், கயாக் உங்கள் மேல் சாயாது. அருகுக் கைப்பிடியிலேயே கட்டினால் நேர் எதிராக நடக்கும். நீண்ட கயிறு கால்களைச் சுற்றும் என்பதால் அளவோடு வெட்டுங்கள்.

களைத்த நிலையிலும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். அரைமணி நேரம் துடுப்பு போட்டபின் ஏற முடிகிறதா? கடலில் கவிழ்வது பெரும்பாலும் களைப்போடுதான். முடியவில்லை என்றால், தனியாகக் கடலுக்குள் போகாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

உண்மையில் கவிழ்ந்தால்

முதல் சில விநாடிகளில் வாயால் நீரை இழுத்துவிடாமல் மூச்சை அடக்கி, மேலே வந்ததும் மெதுவாக விடுங்கள். கயாக்கைப் பிடியுங்கள். தூண்டிலும் தொப்பியும் மிதந்து போனால் போகட்டும். அவற்றைத் துரத்தி நீந்தினால் கயாக் காற்றில் உங்களை விட்டு விலகும், பிறகு எட்ட முடியாது. துடுப்பை மட்டும் கயிற்றால் கயாக்கோடு கட்டி வைத்திருக்க வேண்டும்.

அடுத்து கால், கை, கழுத்தைத் தடவிப் பாருங்கள். நரம்போ துடுப்புக் கயிறோ சுற்றியிருந்தால் கத்தியால் அறுங்கள். முக்கொக்கித் தூண்டில் அருகில் மிதந்தால் நரம்பை அறுத்து விலக்குங்கள். பிறகு நிமிர்த்துங்கள், ஏறுங்கள். ஏறியதும் உள்ளறையில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பம்பு அடியுங்கள். அன்றைய மீன்பிடிப்பு அதோடு முடிந்தது, நேராகக் கரைக்கு.

துணைக் கயாக் இருந்தால் வேலை எளிது. அவர் தன் கயாக்கை உங்களுடையதோடு இணையாக ஒட்டி நிறுத்தி, உங்கள் கயாக்கின் மேல் குனிந்து இரு கைகளாலும் அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் மறுபக்கத்திலிருந்து ஏறுங்கள். சேர்ந்து போகிறவர்கள் விசில் சத்தம் கேட்கும் தூரத்துக்குள் இருந்தால்தான் இது நடக்கும்.

கரை சேரும் இடத்தில், உடையும் அலையில் கவிழ்வது தனிக் கதை. அங்கே ஏற முயலாதீர்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே கூடாது; நீர் நிரம்பிய கயாக்கை அலை தூக்கி எறிந்தால் எலும்பு முறியும். கடல் பக்கம் நின்று, கயாக்கை முன்னால் போகவிட்டுப் பின்தொடருங்கள்.

ஏற முடியாவிட்டால்

மூன்று முறை முழுமூச்சாக முயன்றும் முடியாவிட்டால் நிறுத்துங்கள். மீதமுள்ள வலு மிதப்பதற்கு வேண்டும். கரை அருகில் தெரிந்தாலும் கயாக்கை விட்டு நீந்தாதீர்கள். கடலில் தூரம் கண்ணை ஏமாற்றும். தேடி வருகிறவர்களுக்கும் தனித் தலையைவிடக் கயாக் பல மடங்கு எளிதாகத் தெரியும். கவிழ்ந்த நிலையிலேயே அதன் மேல் பாதி உடம்பைச் சாய்த்துக் கிடங்கள்.

உடனே 999க்கு அழையுங்கள். கடல்சார் அமலாக்க முகமை, கடல் போலீஸ், தீயணைப்பு மீட்புத் துறை யாராக இருந்தாலும் அங்கிருந்தே தகவல் போகும். சொல்ல வேண்டியது: கயாக் கவிழ்ந்துவிட்டது, எத்தனை பேர், எந்தக் கரையிலிருந்து புறப்பட்டோம், இப்போது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எது, கயாக்கின் நிறம் என்ன. கைப்பேசி காட்டும் இட எண்களை வாசிக்க முடிந்தால் வாசியுங்கள். "தெலுக் பஹாங் பக்கம்" என்று மட்டும் சொன்னால் தேடும் பரப்பு மிகப் பெரியது. பேசியபின் மின்னேற்றத்தை மிச்சப்படுத்துங்கள்.

படகு தெரிந்தால் விசிலை மூன்று முறை நீளமாக ஊதுங்கள், இடைவெளி விட்டு மீண்டும் ஊதுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைப்பது உலகமெங்கும் கடலோடிகள் அறிந்த அபாயச் சைகை. ஒரு கையை மட்டும் ஆட்டினால் வணக்கம் சொல்கிறீர்கள் என்று பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வெயில் இருந்தால் கண்ணாடி ஒளி வெகுதூரம் போகும்.

நம் கடல் நீர் வெதுவெதுப்பானது என்றாலும் உடம்பைவிடக் குளிர்ந்தது. மணிக்கணக்கில் கிடந்தால் இங்கும் உடல் வெப்பம் இறங்கும், கை விறைத்துப் பிடி தளரும். முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து, கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பலர் இருந்தால் ஒன்றாக அணைத்துக்கொண்டு மிதக்கலாம். பகலில் தாகமும் வெயிலும் இன்னும் சீக்கிரம் வலுவை உறிஞ்சும். கடல்நீரைக் குடிக்காதீர்கள். இடி முழங்கத் தொடங்கினால், கயாக்கில் இருப்பவர்கள் கார்பன் தூண்டில்களை உடனே படுக்க வைக்க வேண்டும். அவை மின்சாரத்தைக் கடத்தும்.

கரை சேர்ந்தபின்

கடல்நீர் மூச்சுக்குழாயில் போயிருந்தால், நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்துக்குள் இருமல் நிற்காமல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அளவுக்கு மீறித் தூக்கம் வந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தனியாகக் காரோட்டிப் போகாதீர்கள்.

999க்கு அழைத்திருந்தீர்களானால், பாதுகாப்பாகக் கரைக்கு வந்துவிட்டதை மீண்டும் அழைத்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மீட்புப் படகுகள் உங்களைத் தேடி இருட்டிலும் அலைந்துகொண்டிருக்கும். ஆளில்லாத கயாக்கை விட்டுவந்திருந்தால் அதன் நிறத்தையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேறொரு படகு அதைக் கண்டு, அதில் இருந்தவர் மூழ்கிவிட்டார் என்று இன்னொரு தேடலைத் தொடங்க நேரலாம்.